சோடா விற்றுப் பல் கல்லூரி நடத்தியவர்

காங்கேயம் பக்கத்தில் காளை வாங்கப் போகிறவர்கள் முதலில் எதைப் பார்ப்பார்கள்? வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். கன்னபுரம் மாட்டுச் சந்தையில் இது காலங்காலமான வழக்கம். இரண்டு பல், நாலு பல், ஆறு பல் என்று சொன்னாலே போதும். மாட்டின் வயது தெரிந்துவிடும்.

மாட்டின் பல்லை இவ்வளவு அக்கறையாகப் பார்க்கும் மனிதன், தன் பல்லை எப்போது பார்க்கிறான்? வலி வந்த பிறகுதான்!

நூறு வருடங்களுக்கு முன்பு பல் வலிக்கு நம் நாட்டு மக்கள் அறிந்த வைத்தியம் இரண்டே இரண்டு. ஒன்று, கிராம்பு. அதற்கும் அடங்காவிட்டால், குறடு. சொத்தைப் பல்லைப் பிடுங்காமல் காப்பாற்றலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

அதைக் கற்றுக்கொடுக்க இந்தியாவில் முதல் கல்லூரியைத் தொடங்கியவர் டாக்டர் ரபியுதீன் அகமது.

கப்பல் ஏறினார்

இவர் 1890-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி கிழக்கு வங்காளத்தில் பிறந்தார். அந்தப் பகுதி இப்போது வங்காளதேசம். டாக்காவிலும் அலிகாரிலும் படித்தார்.

தகப்பனார் இறந்துவிட்டார். 1909-ம் ஆண்டில் அகமது அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு வயது 18.

அந்தச் சமயம் அமெரிக்காவில் பல் வைத்தியம் புதிய பாதையில் போய்க்கொண்டிருந்தது. ஜி.வி. பிளாக் என்ற டாக்டர், சொத்தைப் பல்லைச் சரி செய்யும் முறைகளை விளக்கி 1908-ம் ஆண்டில் இரண்டு பாகங்களில் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டிருந்தார்.

சொத்தை எப்படி வருகிறது? பல் இடுக்கில் தங்கும் இனிப்பையும் மாவுப் பொருளையும் கிருமிகள் தின்கின்றன. அதனால் அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் பல்லின் கடினமான மேல் தோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. குழி விழுகிறது. குழி ஆழமாகி நரம்பை எட்டும்போது வலி உயிரை வாங்குகிறது.

குழி சிறிதாக இருக்கும்போதே கெட்ட பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு, இடத்தைச் சுத்தம் செய்து அடைத்துவிட்டால், பல் பிழைத்துக்கொள்ளும். வெள்ளி கலந்த உலோகக் கலவையை வைத்து அக்காலத்தில் அடைத்தார்கள்.

இந்த வித்தையைத்தான் அகமது கற்றார். 1915-ம் ஆண்டில் அயோவா பல்கலைக்கழகத்தில் பல் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு பாஸ்டன் நகரில், குழந்தைகளுக்கான போர்சித் பல் ஆஸ்பத்திரியில் 1918 வரை வேலை பார்த்தார்.

சோடாக் கடை வருமானம்

1919-ம் ஆண்டில் தாய்நாடு திரும்பினார். அமெரிக்காவில் படித்த டாக்டர்! கல்கத்தாவில் பணக்காரர்களுக்கு வைத்தியம் பார்த்தே சுகமாக வாழ்ந்திருக்கலாம்.

ஆனால், கோடிக்கணக்கான வாய்களுக்கு ஒரு டாக்டர் எந்த மூலைக்கு? டாக்டர்களை உண்டாக்க வேண்டும் என்று தீர்மானித்தார்.

அதற்குப் பணம் வேண்டுமே! கல்கத்தாவில் ‘நியூயார்க் சோடா பவுண்டன்’ என்ற குளிர்பானக் கடையைத் தொடங்கினார். அதில் வந்த வருமானத்தைக் கொண்டு 1920-ம் ஆண்டில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை ஆரம்பித்தார். பல்லுக்குப் பகையான இனிப்புச் சோடாவே பல்லைக் காக்கப் பணம் தந்தது!

தொடக்கத்தில் மாணவர்கள் சிலரே வந்தார்கள். பல் வைத்தியத்தை ஒரு படிப்பாக மதிப்பவர்கள் அன்று குறைவு. அகமது மனம் தளரவில்லை. முகமது அலி ஜின்னாவின் தங்கை பாத்திமா ஜின்னா இந்தக் கல்லூரியில் படித்தவர்தான். அவர் 1923-ம் ஆண்டில் பம்பாயில் பல் வைத்தியசாலை திறந்தார்.

புத்தகமும் சட்டமும்

1925-ம் ஆண்டில் பல் மருத்துவத்துக்கென்று ஒரு பத்திரிகையைத் தொடங்கி, 1946 வரை தாமே அதன் ஆசிரியராக இருந்தார். பல்லைச் சீர்ப்படுத்தி அடைக்கும் முறைகள் பற்றி மாணவர்களுக்காக ஒரு கைப்புத்தகம் எழுதி 1928-ம் ஆண்டில் வெளியிட்டார்.

படிக்காதவர்கள் கையில் குறடு இருப்பது ஆபத்து. சீழ் பிடிக்கும், தாடை வீங்கும், உயிருக்கே கேடு வரலாம். ஆகவே, பல் வைத்தியர்களை முறைப்படுத்தச் சட்டம் வேண்டும் என்று அகமது பாடுபட்டார். வங்காளத்தில் 1939-ம் ஆண்டில் சட்டம் வந்தது. 1948-ம் ஆண்டில் இந்தியா முழுவதற்கும் பல் மருத்துவர் சட்டம் வந்தது.

கொடுத்துவிட்டார்

1947-ம் ஆண்டில் நாடு இரண்டாகப் பிரிந்தது. அவர் பிறந்த மண் பாகிஸ்தானுக்குப் போயிற்று. அவரோ கல்கத்தாவிலேயே தங்கிவிட்டார்.

1949-ம் ஆண்டில் இன்னொரு காரியம் செய்தார். சுமார் முப்பது ஆண்டுகளாகச் சொந்தப் பிள்ளை போல வளர்த்த கல்லூரியை மேற்கு வங்காள அரசிடம் ஒப்படைத்துவிட்டார்!

அடுத்த ஆண்டு டாக்டர் பி.சி. ராய் மந்திரி சபையில் மந்திரியானார். 1962 வரை விவசாயம், கூட்டுறவு, நிவாரணம், மறுவாழ்வு போன்ற பொறுப்புகளை வகித்தார். 1964-ம் ஆண்டில் பத்மபூஷண் விருது பெற்றார். 1965-ம் ஆண்டு பிப்ரவரியில் காலமானார்.

அவர் தொடங்கிய கல்லூரி இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அவர் பிறந்த நாளான டிசம்பர் 24, இந்தியாவில் பல் மருத்துவர் தினம்.

சென்னையில் 1953-ம் ஆண்டில் அரசு பல் மருத்துவப் படிப்பு தொடங்கியது. இப்போது கொங்கு நாட்டில் கோவை, திருச்செங்கோடு, குமாரபாளையம் ஆகிய ஊர்களிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பல்லின் நிறத்திலேயே அடைக்கலாம். உடைந்த பல்லுக்கு உறை போடலாம். விழுந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் திருகு பதித்துப் புதுப் பல்லும் கட்டலாம்.

ஆனாலும், கட்டிய பல் முளைத்த பல்லுக்கு ஈடாகாது. பல்லில் கறுப்புப் புள்ளி தெரிந்ததும் டாக்டரிடம் போகிறவருக்குச் செலவும் குறைவு, பல்லும் மிச்சம். வலிக்கட்டும் என்று காத்திருப்பவருக்கு இரண்டும் நஷ்டம்.