அவர் பெயர் ஜோசப்

1923-ஆம் ஆண்டு சர் பிரெடெரிக் டிரீவ்ஸ் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் தம் நினைவுகளை நூலாக வெளியிட்டார். 1902-இல் மன்னர் ஏழாம் எட்வர்டுக்கு அறுவைச் சிகிச்சை செய்து புகழ்பெற்றவர் அவர். நூலின் தலைப்புக் கட்டுரை அவருடைய நோயாளி ஒருவரைப் பற்றியது. உலகம் அந்த நோயாளியை 'யானை மனிதன்' என்று அறியும். படிப்போர் கண்களை நனைக்கும் அந்தக் கட்டுரையில் ஒரு பெரிய பிழை உண்டு. நோயாளியின் பெயரை ஜான் மெரிக் என்று டிரீவ்ஸ் எழுதியிருந்தார். கைப்பிரதியில் முதலில் ஜோசப் என்று சரியாக எழுதி, பிறகு அதை அடித்துவிட்டு ஜான் என்று மாற்றியிருக்கிறார். 1977-இல் வந்த நாடகமும் 1980-இல் வந்த திரைப்படமும் அதே தவறான பெயரை உலகெங்கும் கொண்டு சென்றன.

மருத்துவ வரலாற்றின் மிக அரிய நோயாளிகளுள் ஒருவரான ஜோசப் கேரி மெரிக்கின் 27 ஆண்டு வாழ்க்கையை இந்தப் பிழையிலிருந்து படிக்கத் தொடங்குவதே பொருத்தம். நோய் அரிதாக இருக்கும்போது அந்த நோய்க்குரிய மனிதர் எத்தனை எளிதாகக் காணாமல் போகிறார் என்பதை இவரைப்போல் உணர்த்தக்கூடியவர் வேறொருவர் இல்லை.

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 1862 ஆகஸ்ட் 5 அன்று ஓர் உழைக்கும் குடும்பத்தில் மெரிக் பிறந்தார். பிறந்தபோது அவரிடம் எந்தக் குறையும் தென்படவில்லை. குழந்தைப் பருவத்திலேயே உதட்டில் வீக்கம் தோன்றியது. நெற்றியில் எலும்புப் புடைப்பு எழும்பியது. தோல் தடித்துத் தொங்கத் தொடங்கியது. வலக்கையும் கால்களும் அளவுக்கு மீறி வளர்ந்தன. இடக்கை மட்டும் எந்த மாற்றமும் இன்றி மென்மையாகவே இருந்தது. சிறுவயதில் கீழே விழுந்ததில் இடது இடுப்பு பழுதுபட்டு, வாழ்நாள் முழுவதும் ஊன்றுகோலின் துணையோடு நொண்டி நடக்க நேர்ந்தது.

கருவுற்றிருந்தபோது தாய் மேரி ஜேன், ஊர்த் திருவிழாவில் யானை ஒன்றைக் கண்டு அஞ்சியதால்தான் மகனுக்கு இந்த நிலை வந்தது என்று குடும்பத்தார் நம்பினர். மெரிக்கும் கடைசிவரை அப்படியே நம்பினார். கிரகணத்தன்று வெளியே வந்ததால் குழந்தைக்குக் குறை நேர்ந்தது என்று கர்ப்பிணியைப் பழிப்பவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கும்போது, அந்தக் காலத்து லெஸ்டர் மக்களைப் பார்த்து நாம் சிரிப்பதற்கில்லை. காரணம் தெரியாத நோய்க்குத் தாயைக் காரணமாக்கும் வழக்கம் நாடு கடந்தது.

அந்தத் தாய்தான் சிறுவனுக்கு ஒரே புகலிடம். 1873-இல், மகனுக்குப் பதினொரு வயது நிறைவதற்கு முன்பே அவர் இறந்தார். தந்தை மறுமணம் செய்துகொண்டார். பள்ளிப் படிப்பை நிறுத்திய மெரிக் சுருட்டு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் வலக்கை பெருத்துச் சுருட்டு சுற்ற இயலாமல் போயிற்று. தந்தையின் கடைச் சரக்குகளைச் சுமந்து வீடு வீடாக விற்கச் சென்றார். முகத்தைக் கண்டு கதவைச் சாத்தியவர்களே அதிகம். பேச்சும் பிறருக்குப் புரியவில்லை. விற்காமல் திரும்பிய நாள்களில் வீட்டில் அடியும் பசியும் காத்திருந்தன. வீட்டை விட்டு வெளியேறிய அவருக்கு, முடிதிருத்தும் தொழில் செய்த சிற்றப்பா சார்லஸ் சிறிது காலம் அடைக்கலம் தந்தார். தெருவில் கூட்டம் கூடுகிறது என்று விற்பனை உரிமமும் பறிக்கப்பட்டது.

1879 டிசம்பர் இறுதியில், 17 வயதில், லெஸ்டர் நகர ஏழையர் இல்லத்தில் அவர் தஞ்சம் புகுந்தார. வேறு போக்கிடமற்ற ஏழைகளை அடைத்து, வேலை வாங்கி, அரை வயிற்றுக்கு உணவிடும் இடங்கள் அவை. சில வாரங்களில் அங்கிருந்து வெளியேறி வேலை தேடினார். இரண்டே நாள்களில் திரும்பினார். மேலும் நான்கு ஆண்டுகள் அங்கேயே கழிந்தன. வாயிலிருந்து தும்பிக்கைபோல் நீண்டு, உண்ணவும் பேசவும் தடையாயிருந்த தசை வளர்ச்சியின் பெரும்பகுதி அந்தக் காலத்தில்தான் அறுத்து நீக்கப்பட்டது.

இதற்குப் பிறகு மெரிக் எடுத்த முடிவு கவனத்துக்குரியது. உலகம் எப்படியும் தம்மை வேடிக்கை பார்க்கத்தான் போகிறது. அதற்குக் காசாவது வாங்கலாம் என்று கருதி, காட்சி நடத்துவோருக்குத் தாமே எழுதினார். 1884-இல் ஏழையர் இல்லத்தை விட்டு வெளியேறி 'யானை மனிதன்' ஆனார். லண்டனில் டாம் நார்மன் என்பவர் அவரைக் காட்சிப்படுத்தினார். ஒயிட்சாப்பல் சாலையில் அவர்கள் பிடித்த வாடகைக் கடைக்கு நேரெதிரே லண்டன் மருத்துவமனை இருந்தது. அங்கே பணியாற்றிய 31 வயது மருத்துவர்தான் டிரீவ்ஸ்.

சாலையைக் கடந்து வந்து பார்த்த டிரீவ்ஸ், மெரிக்கை மருத்துவமனைக்கு வரவழைத்து உடலை அங்குலம் அங்குலமாக அளந்தார். தலையின் சுற்றளவு 36 அங்குலம். வலது மணிக்கட்டின் சுற்றளவு 12 அங்குலம். 1884 டிசம்பர் 2 அன்று லண்டன் நோயியல் சங்கத்தின் உறுப்பினர்கள்முன் அவரை நிறுத்தினார். மேற்கொண்டு அழைத்தபோது மெரிக் வர மறுத்துவிட்டார். மருத்துவர்கள் நடுவே ஆடையின்றி நின்றபோது சந்தையில் விலைக்கு நிற்கும் மாட்டைப்போல் உணர்ந்ததாக அவர் தம்மிடம் கூறினார் என்று நார்மன் பிற்காலத்தில் எழுதினார்.

டிரீவ்ஸின் நூலில் காட்சிக்காரர் கொடியவர், மருத்துவர் மீட்பர். நார்மனோ, வருவாயில் பாதியை மெரிக்குக்குக் கொடுத்ததாகச் சொன்னார். கடையில் நின்ற மெரிக் தம் உழைப்புக்குக் கூலி பெற்ற தொழிலாளி. மருத்துவச் சங்கத்தில் நின்ற மெரிக் ஓர் ஆய்வுப் பொருள். எந்த இடத்தில் அவருக்கு மதிப்பு அதிகம் இருந்தது என்ற கேள்விக்கு எளிதில் விடை சொல்லிவிட முடியாது. நார்மன் கூறியது முழு உண்மை என்று கொள்ள வேண்டியதில்லை. அவருக்கும் தம் பெயரைக் காத்துக்கொள்ள வேண்டிய தேவை இருந்தது. மெரிக்கின் தரப்பைக் கேட்டு எழுதியவர்தான் யாருமில்லை.

காவல் துறையினர் இத்தகைய காட்சிகளைத் தடை செய்யத் தொடங்கியதால் மெரிக் ஐரோப்பாவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கே அவரை அழைத்துச் சென்றவர், அவர் சேர்த்து வைத்திருந்த ஏறத்தாழ 50 பவுண்டைப் பறித்துக்கொண்டு பிரஸ்ஸல்ஸில் கைவிட்டார். 1886 ஜூன் மாதம் எப்படியோ கப்பலேறி லண்டன் லிவர்பூல் தெரு ரயில் நிலையத்தை அடைந்தபோது மெரிக்கிடம் எஞ்சியிருந்தது டிரீவ்ஸின் முகவரி அட்டை ஒன்றுதான். கூட்டம் சூழ்ந்துகொண்டது. காவலர்கள் அந்த அட்டையைப் பார்த்து மருத்துவரை அழைத்தனர். டிரீவ்ஸ் தயங்காமல் வந்து அழைத்துச் சென்றார். அந்த நாளுக்காக அவரை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

தீராத நோயாளிகளை நிரந்தரமாக வைத்துப் பராமரிக்க லண்டன் மருத்துவமனையின் விதிகள் இடம் தரவில்லை. அதற்கென்று இருந்த இல்லங்களும் அவரை ஏற்கவில்லை. மருத்துவமனைக் குழுவின் தலைவர் கார் காம் 1886 டிசம்பர் 4 அன்று 'டைம்ஸ்' நாளிதழில் ஒரு கடிதம் எழுதி மக்களிடமே வழி கேட்டார். நன்கொடைகள் குவிந்தன. மெரிக் வாழ்நாள் முழுதும் தங்குவதற்கு மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகள் ஒதுக்கப்பட்டன. அந்த அறைகளில் முகம் பார்க்கும் கண்ணாடி வைக்கக் கூடாது என்பது டிரீவ்ஸின் உத்தரவு.

பேச்சு குழறியதால் மெரிக்கை அறிவு வளர்ச்சியற்றவர் என்றே டிரீவ்ஸ் முதலில் எண்ணியிருந்தார். அருகிருந்து பழகி, அந்தப் பேச்சைப் புரிந்துகொண்ட பிறகுதான், கூர்ந்த அறிவும் மென்மையான மனமும் படைத்த ஓர் இளைஞர் அந்த உடலுக்குள் இருப்பதை அறிந்தார். அந்த இளைஞர் ஓயாமல் வாசிப்பவர் என்பதும் தெரியவந்தது. ஓர் இளம் கைம்பெண்ணை அழைத்துவந்து, புன்னகையோடு கைகுலுக்கச் செய்தார் டிரீவ்ஸ். மெரிக் முழங்காலில் முகம் புதைத்து விம்மி அழுதார். தாய்க்குப் பிறகு தம்மைப் பார்த்துப் புன்னகைத்த முதல் பெண் அவர்தான் என்பது அழுகைக்கான காரணம்.

1887-இல் வேல்ஸ் இளவரசி அலெக்ஸாண்ட்ரா மருத்துவமனைக்கு வந்தபோது மெரிக்கின் கையைப் பற்றிக் குலுக்கினார். ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். உயர்குடியினர் வரிசையாக வந்து பார்த்தனர். அன்புக்காக வந்தவர்களும் உண்டு, நாகரிகமான முறையில் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் உண்டு. பயன்பட்ட அந்த ஒற்றை இடக்கையைக் கொண்டு மெரிக் அட்டையால் தேவாலய மாதிரி ஒன்றைச் செய்தார். அது இன்றும் பாதுகாக்கப்படுகிறது. டிரூரி லேன் அரங்கில் பிறர் கண்ணில் படாமல் அமர்ந்து நாடகம் பார்த்தார். நார்த்தாம்ப்டன்ஷயர் மாவட்டத்தின் பண்ணையொன்றில் சில வாரங்கள் தங்கி, காட்டுப் பூக்களைப் பறித்துச் சேர்த்தார். எவரும் உற்றுப் பார்க்காத அந்த நாள்களே அவர் வாழ்வின் மிக இனிய நாள்களாக அமைந்தன.

தலையின் பாரத்தால் மெரிக்கால் படுத்து உறங்க முடியாது. முழங்கால்களைக் கட்டிக்கொண்டு, அவற்றின்மேல் தலையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே உறங்குவார். 1890 ஏப்ரல் 11 பிற்பகலில் கட்டிலில் சாய்ந்த நிலையில் இறந்து கிடந்தார். மூச்சுத் திணறலே மரணத்துக்குக் காரணம் என்று விசாரணையில் முடிவானது. எல்லாரையும்போல் படுத்து உறங்க முயன்றபோது தலை பின்னால் சரிந்து கழுத்தெலும்பு விலகியிருக்கக்கூடும் என்று டிரீவ்ஸ் கருதினார். உடலை அடையாளம் காட்ட வந்தவர், ஒருகாலத்தில் அடைக்கலம் தந்த அதே சிற்றப்பா சார்லஸ்.

நான்கு ஆண்டுகள் நண்பராயிருந்த டிரீவ்ஸே அந்த உடலை அறுத்து ஆராய்ந்தார். வார்ப்புகள் எடுக்கப்பட்டன. எலும்புக்கூடு மருத்துவக் கல்விக்காகப் பாதுகாத்து வைக்கப்பட்டது. இன்றும் லண்டனில் இருக்கிறது. அதை அவருடைய சொந்த ஊரான லெஸ்டரில் அடக்கம் செய்ய வேண்டும் என்று குரல் கொடுப்போர் உண்டு.

மெரிக்கின் நோய் என்ன என்ற கேள்விக்கு விடை மெதுவாகவே கிடைத்தது. 1909 முதல் நெடுங்காலம் அது நரம்புநார்க் கட்டி நோய் என்று பாடநூல்கள் கூறிவந்தன. 1986-இல்தான் கனடா நாட்டு ஆய்வாளர்கள் இருவர் அந்தக் கருத்தை மறுத்து, புரோட்டியஸ் நோய்க்குறியே அது என்று காட்டினர். பத்து லட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே வரும் நோய் அது. 2011-இல் அதன் மூலமும் புலப்பட்டது. கரு வளரும்போது ஏதோ ஓர் உயிரணுவில், ஏகேடி1 என்ற மரபணுவில் ஒரு சிறு மாற்றம் நேர்கிறது. அந்த ஓர் அணுவிலிருந்து பெருகும் பகுதிகள் மட்டும் கட்டுமீறி வளர்கின்றன. மற்றவை இயல்பாக இருக்கின்றன. வலக்கை பாறையாகப் பெருக்க, இடக்கை மலர்போல் இருந்த புதிருக்கு இந்த விளக்கம் பொருந்துகிறது. இது பெற்றோரிடமிருந்து வருவதும் அன்று. தாய் கண்ட யானைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆயினும் மெரிக்குக்கு இந்த நோய்தான் இருந்தது என்று ஐயமற நிறுவ இயலவில்லை. காட்சிக்காக அவர் எலும்புகள் பலமுறை வெளுக்கப்பட்டதால் மரபணுச் சோதனை தெளிவான முடிவைத் தரவில்லை. எந்த அறிவுக்காக அவர் உடல் பாதுகாக்கப்பட்டதோ, அந்த அறிவுக்கே பாதுகாத்த முறை தடையாயிற்று.

அரிய நோயாளிகளால் மருத்துவம் வளர்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. அவர்களைக் கூர்ந்து பார்க்கவும் பதிவு செய்யவும் மருத்துவருக்குக் கடமை உண்டு. ஆனால், பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டும் என்பதும் அதே அளவு கடமையே. மெரிக்கிடம் யாரும் முறையாகக் கேட்டதாகத் தெரியவில்லை. இன்று நிலைமை மாறியிருக்கிறது. நோயாளியின் ஒப்புதலின்றி அவருடைய படத்தை மருத்துவ இதழ்கள் வெளியிடுவதில்லை. அதேவேளையில், ஒயிட்சாப்பல் கடை இப்போது நம் ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் இருக்கிறது. அரிய நோயோடு பிறந்த குழந்தையின் படம், பெயருமின்றி ஒப்புதலுமின்றி, அதிசயம் என்றும் சாபம் என்றும் அடைமொழி சூட்டப்பட்டுக் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவுகிறது. அன்று அந்தக் கடையில் நின்றவருக்காவது கூலி கிடைத்தது. இந்தக் குழந்தைகளுக்கு அதுவும் இல்லை.

அப்படி ஒரு படம் அடுத்த முறை நம் கைக்கு வரும்போது, பிறருக்கு அனுப்புமுன் ஒரு நொடி நிறுத்தி, இந்தக் குழந்தையின் பெயர் என்ன என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். பெயர் தெரியாத ஒருவரின் உடலைப் பரப்பும் உரிமை நமக்கு இல்லை என்ற உணர்வு அந்தக் கேள்வியிலேயே பிறந்துவிடும். யானை மனிதன் என்று உலகம் அழைத்தவருக்கு நூறு ஆண்டுகள் கழித்து நாம் செய்யக்கூடிய மரியாதையும் அதிலிருந்தே தொடங்குகிறது. அவர் பெயர் ஜோசப்.