சேறு படிந்த சட்டையில் ஒரு சேனாதிபதி



பட்டாள உடுப்பைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? பளபளக்கும் பித்தளைப் பொத்தான், தோளில் நட்சத்திரம், இடுப்பில் வாள். ஜெனரல் என்றாலே நம் கண்முன் வந்து நிற்பது அந்த உடுப்புத்தான். ஆனால், அமெரிக்க உள்நாட்டுப் போரை வென்ற ஜெனரல் ஒருவர், எதிரி சரணடைந்த அன்று சாதாரணச் சிப்பாயின் சட்டையோடு, வாள்கூட இல்லாமல் நின்றார். அவர்தாம் யூலிசிஸ் கிராண்ட். அவர் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

1822ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர் கிராண்ட். தகப்பனார் தோல் பதனிடும் தொழிலாளி. பட்டறையின் நாற்றமும் இரத்தமும் பையனுக்குப் பிடிக்கவே பிடிக்காது. குதிரை என்றால் மட்டும் உயிர். 17 வயதில் தகப்பனாரின் பிடிவாதத்தால் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் சேர்ந்தார். குதிரையேற்றத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை, படிப்பில் நடுத்தரம்தான். 1843இல் தேறிய 39 பேரில் அவர் 21ஆவது!

தேறியதும் தையற்காரரிடம் புது உடுப்புக்குச் சொல்லிவிட்டு, எப்போது வரும் என்று காத்துக் கிடந்தார். வந்ததும் போட்டுக்கொண்டு, குதிரைமேல் ஏறி, சின்சினாட்டி நகரத் தெருவில் ஜம்மென்று போனார். ஊரே தம்மைப் பார்க்கிறது என்ற நினைப்பு! காலில் செருப்பில்லாத ஒரு கந்தல் சட்டைப் பையன் ஓடி வந்து, நடுத்தெருவில் அவரைக் கேலி பண்ணினான். வீட்டுக்குப் போனால் அங்கேயும் விடவில்லை. எதிரே இருந்த சத்திரத்தில் குதிரை பார்த்துக்கொண்டவன், தன் நீலக் கால்சட்டையின் ஓரத்தில் வெள்ளைத் துணியைப் பட்டையாகத் தைத்து, அசல் இராணுவ உடுப்புப் போலவே ஆக்கி, வெறுங்காலோடு வீறுநடை போட்டுக் காட்டினான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். 21 வயது வாலிபருக்கு எப்படி இருந்திருக்கும்? இராணுவ உடுப்பின்மேல் அன்று வந்த வெறுப்பு கடைசிவரை தம்மை விட்டுப் போகவில்லை என்று, பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே எழுதி வைத்தார்.

மெக்சிகோ போரில் நன்றாகப் போரிட்டார். 1848இல் ஜூலியா என்ற பெண்ணை மணந்தார். பிறகு மனைவி மக்களை விட்டு வெகு தூரத்தில், மேற்குக் கடற்கரையில் வேலை. அவர்களை அழைத்துக்கொள்ளச் சம்பளம் போதவில்லை. 1854இல் வேலையை விட்டுவிட்டார். குடிதான் காரணம் என்று பலர் பேசினார்கள்.

அதற்குப் பின் பட்ட பாடு கொஞ்சமா நஞ்சமா? செயிண்ட் லூயிஸ் அருகே தம் கையாலேயே மர வீடு கட்டி, விவசாயம் பார்த்தார். போதவில்லை. விறகு வெட்டி வண்டியில் ஏற்றி, நகரத்தில் விற்றார். அப்போது அவர் மேலே கிடந்தது நிறம் மங்கிய பழைய பட்டாளக் கோட்டு. 1857இல், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, தங்கக் கடிகாரத்தை 22 டாலருக்கு அடகு வைத்தார். அடகுக் கடை வாசலில் நிற்கும் மனசு எப்படி இருக்கும் என்று நம்மில் பலருக்குத் தெரியுமே!

இத்தனை கஷ்டத்திலும் ஒன்று செய்தார். மாமனார் வழியாக வந்த ஓர் அடிமை அவரிடம் இருந்தார். விற்றிருந்தால் நல்ல பணம். 1859இல் கிராண்ட் அவரை விற்காமல் விடுதலை செய்தார். மறு ஆண்டு, பிடிக்காத அதே தோல் வியாபாரத்தில், தகப்பனாரின் கடையில் தம்பிமாரோடு வேலைக்குப் போய் நின்றார்.

1861இல் அடிமைமுறையை விடமாட்டோம் என்று தென் மாநிலங்கள் பிரிந்தன. உள்நாட்டுப் போர் மூண்டது. பயிற்சி பெற்றவர்கள் தேவைப்பட்டார்கள். கிராண்ட் கர்னலாகச் சேர்ந்தார். 1862இல் டோனல்சன் கோட்டை, 1863 ஜூலை 4ஆம் நாள் விக்ஸ்பர்க் என்று வெற்றிமேல் வெற்றி. 1864இல் வட மாநிலப் படைகள் அனைத்துக்கும் அவரே தலைவர். அந்தப் பதவியை ஏற்கத் தலைநகர் வந்தபோது, ஓட்டல் குமாஸ்தா அவர் கோலத்தைப் பார்த்து மேல்மாடியில் ஒரு சின்ன அறையைத்தான் கொடுக்கப் பார்த்தார். பதிவேட்டில் எழுதிய பெயரைப் படித்த பிறகுதான் ஆள் ஆடிப்போனார்!

போர் என்றால் இரத்தம்தான். அவர் நடத்திய சண்டைகளில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். கசாப்புக்காரர் என்றுகூட அவரை ஏசினார்கள். கோல்டு ஹார்பரில் கடைசியாகத் தாக்கச் சொன்னதற்காக அவர் பின்னாளில் வருந்தினார்.

1865 ஏப்ரல் 9ஆம் நாள். அப்போமாட்டாக்ஸ் என்ற சிற்றூரில் ஒரு வீட்டுக் கூடம். தோற்ற ஜெனரல் லீ, புத்தம் புது உடுப்பில், அழகிய வாளோடு வந்திருந்தார். வென்ற கிராண்டோ, சிப்பாய்ச் சட்டையில் தோள் சின்னத்தை மட்டும் தைத்திருந்தார். பூட்சில் சேறு.

அந்தச் சட்டைக்காரர் எழுதிய நிபந்தனைகளைப் பாருங்கள். எதிரிகள் ஆயுதத்தை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அதிகாரிகள் தங்கள் வாளைக் கொடுக்க வேண்டாம். சொந்தக் குதிரை, கோவேறு கழுதை வைத்திருந்த வீரர்கள் அவற்றை ஓட்டிக்கொண்டு போகலாம். உழவுக்காலமாயிற்றே, ஏர் பூட்டாவிட்டால் குடும்பம் என்னத்தைச் சாப்பிடும்? பட்டினி கிடந்த எதிரிப் படைக்கு 25,000 பேருக்கான உணவும் கொடுத்தார். தம் ஆட்கள் வெற்றி வேட்டு முழக்கியதையும் நிறுத்தச் சொன்னார். விறகு விற்றுப் பிழைத்தவருக்கு ஏழை விவசாயியின் கஷ்டம் தெரியாமல் போகுமா?

1869 முதல் 1877 வரை அமெரிக்க அதிபராக இருந்தார். விடுதலை பெற்ற கறுப்பின மக்களைக் கொடுமைப்படுத்திய கூட்டத்தை ஒடுக்கினார். கூட இருந்தவர்களின் ஊழலால் கெட்ட பெயரும் வந்தது. பிறகு உலகம் சுற்றியவர், 1879இல் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும்கூட வந்து போனார்.

1884இல் கூட்டாளி ஒருவன் மோசம் செய்ய, கையிலிருந்தது எல்லாம் போச்சு. கடனுக்காகத் தம் வாள்களையும் கொடுத்துவிட்டார். தொண்டையில் புற்றுநோய் வேறு. மனைவி தெருவில் நிற்கக் கூடாதென்று, வலியோடு உட்கார்ந்து தம் வரலாற்றை எழுதினார். முடித்த சில நாளில், 1885 ஜூலை 23ஆம் நாள் காலமானார். அந்தப் புத்தகம் குடும்பத்துக்குச் சுமார் 4,50,000 டாலர் சம்பாதித்துக் கொடுத்தது.

மாணவச் செல்வங்களே! இன்று மேடையேறிப் பரிசு வாங்குகிறவர்களுக்கு வாழ்த்துகள். வாங்காதவர்களே, நீங்களும் 39 பேரில் 21ஆவதாக வந்தவரை நினைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர்களே, பிள்ளையின் சட்டை பழசாயிற்றே என்று கூசவேண்டாம். துவைத்துப் போட்டு அனுப்புங்கள். தோற்றவனைப் பார்த்துச் சிரிக்காத மனசையும் கூடவே கொடுத்து அனுப்புங்கள்.