ஏமி ஜான்சன் அம்மையார்

இங்கிலாந்தில் ஹல் நகரில் 1903-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி பிறந்த ஏமி ஜான்சன், ஷெஃபீல்டு சர்வகலாசாலையில் பொருளாதாரம் பயின்று பட்டம் பெற்றவர். லண்டனில் வக்கீல் காரியாலயமொன்றில் அலுவல் பார்த்துக்கொண்டே விமானமோட்டக் கற்றார். ஓட்டுதலோடு அமையாது, ஸ்டாக் லேன் விமானக் கொட்டகையில் தொழிலாளருடன் நின்று, இயந்திரத்தைக் கழற்றி இறக்கி, ஸிலிண்டர், பிஸ்டன், வால்வு ஆகியவற்றின் கரி நீக்கி, தேய்வும் வெடிப்பும் உளவோவென ஆராய்ந்து, மீண்டும் பூட்டும் வித்தையையும் பயின்றார். 1929-ல் தரை இஞ்சினீயர் லைசென்ஸ் பெற்றார். பிரிட்டிஷ் மாதருள் அதனை முதலிற் பெற்றவர் இவரே.

1930 மே 5-ல், நான்கு ஸிலிண்டர் ஜிப்ஸி இயந்திரம் பூண்ட பழைய மாத் விமானத்திலேறித் தன்னந்தனியே ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார். பகலெல்லாம் பறந்து களைத்தும், இறங்கிய இடங்களில் இயந்திரத்தைத் தாமே சோதித்தார். ரங்கூனுக்கருகில் இன்ஸீனில் விமானம் பள்ளத்தில் வீழ்ந்து, இறக்கையும் சுழல்விசிறியும் சிதைந்தன. அவ்வூர்த் தொழிற்கல்விச்சாலையார் துணைசெய்ய, அதனைச் செப்பனிட்டுக்கொண்டு மே 24-ல் டார்வின் சேர்ந்தார்.

1941 ஜனவரி 5-ல், யுத்தப் பணியாக விமானமொன்றைக் கொண்டுசெல்லுகையில், தேம்ஸ் நதிமுகத்தில் உயிர்நீத்தார்.

பட்டம் பெற்ற கையில் எண்ணெய்க் கறை படிதலை அவர் இழிவென்று எண்ணவில்லை. அக்கையே அவரை அக்கரை சேர்த்தது. கைத்தொழிலை இகழும் கல்வி குறைக்கல்வியே என்பதை மாணவராகிய நாம் இதனால் உணர்வோமாக.