போலந்தின் பியானோ மேதை பாதெரெவ்ஸ்கி

நம் சங்கத்தில் வெள்ள நிவாரணத்திற்கோ கட்டட நிதிக்கோ பொருள் வேண்டுமாயின், முதலில் நமக்கு நினைவு வருவது கச்சேரியே. வித்வானை ஊரிலிருந்து வரவழைத்துவிட்டு, டிக்கெட் புத்தகங்களைக் கையில் எடுத்துக்கொண்டு காலனியின் படிகளை ஏறி இறங்குகிறோம். இதே பணியை ஒரு தேசத்தின் குழந்தைகளுக்காக, கடல் கடந்து சென்று ஆண்டுக்கணக்கில் செய்த ஒருவர் இருந்தார். அவர் இக்னேஸி யான் பாதெரெவ்ஸ்கி.

இவர் 1860ஆம் ஆண்டு நவம்பரில், இன்று உக்ரைன் நாட்டில் அடங்கியுள்ள பொதோலியா என்னும் பகுதியில் ஒரு சிற்றூரில் பிறந்தார். அக்காலத்தில் போலந்து என்ற நாடு உலகப் படத்திலேயே இல்லை. ருஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று அரசுகளும் அதைப் பங்கிட்டு விழுங்கியிருந்தன. பிறந்த சில மாதங்களிலேயே இவருடைய தாய் காலமானார். 1863இல் ஜார் சக்கரவர்த்தியை எதிர்த்துப் போலிஷ் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, ருஷ்யப் படையினர் தந்தையைச் சிறைபிடித்துச் சென்றனர். மழலை மாறாத பாலகனும் அவனுடைய தமக்கையும் அத்தையின் வீட்டில் அடைக்கலம் புகுந்தனர். தந்தை பின்னர் விடுதலை பெற்றுத் திரும்பினார். ஆயினும் படை வந்து வீட்டைச் சூழ்ந்தால் குழந்தையின் நெஞ்சு என்ன பாடுபடும் என்பதை இவர் ஏட்டில் படித்து அறிய வேண்டியிருக்கவில்லை.

கலையும் இவருக்கு எளிதில் வசப்படவில்லை. பன்னிரண்டாம் வயதில் வார்ஸா இசைக் கல்லூரியில் சேர்ந்தார். இருபதாம் வயதில் மணம் புரிந்தார். அவ்வாண்டே மனைவி ஒரு மகனைப் பெற்றுவிட்டு இறந்தார். அம்மகனோ நடக்க இயலாதவனாய் வளர்ந்து, 1901இல் மறைந்தான். இருபத்து நான்காம் வயதில் வியன்னாவிலிருந்த லெஷெடிட்ஸ்கி என்ற ஆசானை நாடிச் சென்றபோது, விரல் பயிற்சிக்குரிய வயது கடந்துவிட்டது என்றே ஆசான் கருதினார். இவர் விடவில்லை. பாலபாடத்திலிருந்து மறுபடி தொடங்கினார். 1888இல் பாரிஸ் நகரமும், 1891இல் அமெரிக்காவும் இவர் வாசிப்பில் மயங்கின.

அமெரிக்காவில் இவர் பயணம் செய்த விதத்தை, ரயில்வேயில் காலந்தள்ளும் நம்மைப் போன்றோர் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம். இவருக்கென்றே தனியாக ஒரு சலூன் வண்டி அமர்த்தப்பட்டது. அதில் படுக்கை, சமையற்காரர் ஆகிய வசதிகளோடு பியானோவும் ஏறியிருந்தது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே சாதகம் நடந்தது. இத்தகைய செல்வாக்கில் இருந்த மனிதர்தாம் பிற்பாடு கையேந்தி நின்றார் என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டுகிறோம்.

1914இல் முதல் உலக யுத்தம் மூண்டது. போலிஷ் இளைஞர்கள் மூன்று அரசுகளின் சேனைகளிலும் சேர்க்கப்பட்டு, ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்தும் நிலை ஏற்பட்டது. படைகள் முன்னேறியபோதும் பின்வாங்கியபோதும் போலந்தின் கிராமங்களே எரிந்தன. தந்தையை இழந்தும், தாயைத் தவறவிட்டும் பிள்ளைகள் சாலைகளில் திரிந்தனர். பாதெரெவ்ஸ்கி அப்போது ஸ்விட்சர்லாந்தில், ஏரிக்கரை மாளிகையில் சுகமாக வாழ்ந்து வந்தார். அங்கேயே இருந்திருக்கலாம், யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியர் சென்கியேவிச்சுடன் சேர்ந்து, 1915 ஜனவரியில் வெவே நகரில் ஒரு நிவாரணக் குழுவை அமைத்தார். பின்பு லண்டனுக்கும், அவ்வாண்டு ஏப்ரலில் அமெரிக்காவுக்கும் புறப்பட்டார்.

அங்கே அவர் கையாண்ட முறை விசித்திரமானது. மக்கள் வந்தது பியானோ கேட்க. அவரோ முதலில் போலந்தின் துயரத்தை எடுத்துரைத்து, அதன் பின்னரே வாசிக்க அமர்ந்தார். முந்நூறுக்கும் மேற்பட்ட சொற்பொழிவுகள் இவ்வாறு நிகழ்ந்தன. அயல்மொழியில் பேசுவதற்குச் செலவான உழைப்பு சாதக நேரத்திலிருந்து பிடுங்கப்பட்டது. ஒரு நாள் சாதகம் தவறினாலும் விரல் காட்டிக் கொடுத்துவிடும் என்பதை நம் வீணை வித்வான்களைக் கேட்டால் தெரியும். பொருளைக் கொடுப்பவர் பலருண்டு. தாம் அரும்பாடுபட்டு ஈட்டிய வித்தையையே தேய விட்டுக் கொடுத்தவர் அரியர் என்பது நம் கருத்து.

அவருடைய மனைவி ஹெலெனா அம்மையார் செய்த காரியம் இன்னும் நெஞ்சைத் தொடுவது. யுத்தத்தால் பாரிஸில் வேலையின்றித் தவித்த போலிஷ் கலைஞர்கள், தம் நாட்டு உடை அணிந்த துணிப் பொம்மைகளைச் செய்தனர். அம்மையார் அவற்றை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்று, கச்சேரி நடந்த ஊர்களில் விற்றார். கணவர் உள்ளே வாசிக்க, வெளியே மனைவி பொம்மை விற்றார். வாங்கியவர்களின் வீட்டில் பிள்ளைகள் பொம்மையோடு விளையாட, அப்பணம் வீடிழந்த பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கப்பட்டது. அகதிக் கலைஞர்களுக்கும் கூலி கிடைத்தது. லண்டனில் எல்கர் என்ற இசையமைப்பாளர் போலிஷ் நிவாரண நிதிக்கென ஓர் இசைப் படைப்பை இயற்றி, 1915 ஜூலையில் தாமே நடத்தி அரங்கேற்றினார்.

ஆனால் பணம் சேர்ந்தால் போதுமா? உணவுக் கப்பல்களை விடுவது பற்றி யுத்தம் புரிந்த இரு தரப்பும் உடன்படவில்லை. கையில் காசு இருந்தும், பசித்த குழந்தையின் வாய்க்குக் கஞ்சி போய்ச் சேரவில்லை. 1916 ஜனவரி முதல் நாளைப் போலந்து நிவாரண நாளாக ஜனாதிபதி வில்சன் அறிவித்தும், முற்றுகை தளரவில்லை. சொந்த அரசு இல்லாத மக்களின் பிள்ளைக்காக வாதாட எந்தச் சபையிலும் ஆள் இல்லை என்பதைப் பாதெரெவ்ஸ்கி உணர்ந்தார். அன்று முதல் நிவாரணத்தோடு சுதந்திரத்தையும் சேர்த்தே கேட்கலானார். யுத்தம் முடிந்து நாடு விடுதலை பெற, 1919 ஜனவரியில் அவரே பிரதம மந்திரியானார். வெர்சேல்ஸ் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். அவ்வாண்டே அமெரிக்க நிவாரண நிர்வாகம் போலந்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு உணவளித்தது. அரசியல் அவருக்குப் பொருந்தவில்லை. டிசம்பரில் பதவி விலகினார். அதுபற்றி நாம் விரித்துரைக்கப் போவதில்லை.

செல்வம் பெரும்பாலும் கரைந்திருந்தது. 1922இல் மறுபடியும் மேடையேறினார். எழுபது வயதைத் தாண்டியும் வாசித்தார். தரும நிதிகளுக்கு வாரி வழங்கினார். 1939இல் போலந்து மீண்டும் சிதைக்கப்பட்டதும், எண்பது வயது முதியவர் பழையபடி நிதி திரட்ட அமெரிக்கா சென்றார். 1941 ஜூன் 29 அன்று நியூயார்க்கில் உயிர் நீத்தார். அவரது உடல் 1992இல் வார்ஸாவுக்குக் கொண்டு வரப்பட்டது.

நம் நாட்டோடு ஒரு தொடர்பும் உண்டு. நவாநகர் மன்னர் ஜாம் சாகிப் திக்விஜய்சிங்ஜி, தம்மைச் சுவீகாரம் கொண்ட கிரிக்கெட் வீரர் ரஞ்சித்சிங்ஜியின் மூலம் இளமையிலேயே பாதெரெவ்ஸ்கியை அறிந்திருந்தார். 1942இல், ருஷ்யாவுக்கு நாடு கடத்தப்பட்டுப் பெற்றோரை இழந்த போலிஷ் குழந்தைகள் நூற்றுக்கணக்கில் இந்தியா வந்தபோது, அவர்களைத் தம் பிள்ளைகளாக ஏற்றவர் அம்மன்னரே. பாதெரெவ்ஸ்கி மறைந்து ஓராண்டே ஆகியிருந்தது. கடற்கரையில் பாலாசடி என்னுமிடத்தில் அமைந்த அம்முகாம் 1946 வரை நடந்தது. துவாரகைக்கு யாத்திரை செல்லும் நம் அன்பர்கள் ஜாம்நகரைக் கடந்தே போகிறார்கள். அங்கிருந்து பாலாசடி ஏறத்தாழ 25 கிலோமீட்டர். இன்று அங்கே சைனிக் பள்ளி நடைபெறுகிறது.