டெர்ரி சாச்சக்: 8 போட்டியில் 5 கோல் மட்டுமே விட்டவர்... ஆனால் ரசிகர்கள் நினைவில் வைத்திருப்பது வேறு ஒரு தொடரை! ஏன்?

ஐஸ் ஹாக்கியில் பிளே ஆஃப் வந்துவிட்டால் கனடாவில் ஒரு பழைய சண்டை தவறாமல் தொடங்கிவிடும். யார் பெரிய ஆட்டத்தில் நின்று ஆடியவர், யார் முக்கியமான நேரத்தில் சொதப்பியவர் என்ற சண்டைதான். ஒரு தரப்பு புள்ளிவிவரத்தை எடுத்துப் போடும். இன்னொரு தரப்பு, அந்த ஆட்டத்தை நீ பார்த்தாயா என்று கேட்கும். இந்த இரண்டு தரப்பும் அடிக்கடி போய் நிற்கும் பெயர்களில் ஒன்று டெர்ரி சாச்சக். அவர் இறந்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. சண்டை மட்டும் முடியவில்லை.

யார் இந்த சாச்சக்?

கனடாவின் வின்னிபெக் நகரில் 1929 டிசம்பர் 28 அன்று, உக்ரைனில் இருந்து குடியேறிய ஒரு எளிய குடும்பத்தில் பிறந்தவர். அண்ணன் மைக்கும் கோல்கீப்பர்தான். 17 வயதில் இதயக் கோளாறால் அண்ணன் இறந்துபோக, அவருடைய கால் காப்புகள் தம்பிக்கு வந்தன. சாச்சக்கின் கோல்கீப்பர் வாழ்க்கை தொடங்கியது இப்படித்தான்.

12 வயதில் விளையாடும்போது வலது முழங்கையில் அடிபட்டது. வீட்டுக்குத் தெரிந்தால் திட்டு விழும் என்று மறைத்துவிட்டார். எலும்பு ஒழுங்காகச் சேரவில்லை. வலது கை கடைசி வரை இடது கையைவிடக் குட்டையாகவே இருந்தது. பின்னாளில் நடந்த அறுவை சிகிச்சைகளில் அந்த முழங்கையில் இருந்து சுமார் 60 எலும்புத் துணுக்குகளை எடுத்தார்கள். சரியாக மடக்கி நீட்ட முடியாத ஒரு கையோடுதான் அவர் 20 ஆண்டுகளுக்கு மேல் பக் தடுத்தார். (பக் என்பது ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக அடிக்கப்படும் கெட்டியான ரப்பர் வட்டு.)

தனது 18-வது பிறந்தநாளன்று நடந்த ஆட்டத்தில் எதிரணி வீரரின் ஸ்டிக் கண்ணில் பட்டு, கண்விழியிலேயே தையல் போட வேண்டி வந்தது. கண் பிழைத்தது. அந்த சீசனிலேயே அந்த லீக்கின் சிறந்த புதுமுக வீரர் விருதை வாங்கினார். அடுத்த ஆண்டு ஒரு படி மேலே உள்ள லீக்கிலும் அதே விருது. பிறகு 1950-51 சீசனில் என்.ஹெச்.எல். எனப்படும் தேசிய ஹாக்கி லீக்கிலும் அதே விருது.

1952: கணக்கு என்ன சொல்கிறது?

அப்போது என்.ஹெச்.எல்.-இல் மொத்தமே 6 அணிகள். லீக் சுற்று முடிந்ததும் முதல் 4 அணிகள் பிளே ஆஃபுக்குப் போகும். ஐபிஎல் மாதிரி ஒரே ஆட்டத்தில் முடிகிற விஷயம் இல்லை. அரையிறுதியோ இறுதியோ, 7 போட்டிகள் கொண்ட தொடரில் முதலில் 4 வெல்லும் அணி முன்னேறும். ஆக, குறைந்தது 8 வெற்றி இருந்தால்தான் ஸ்டான்லி கோப்பை.

1952-இல் சாச்சக் ஆடிய டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணி அந்த 8-ஐயும் தொடர்ச்சியாக வென்றது. அரையிறுதியில் டொராண்டோவுக்கு எதிராக 3-0, 1-0, 6-2, 3-1. இறுதியில் மான்ட்ரியாலுக்கு எதிராக 3-1, 2-1, 3-0, 3-0. எண்ணிப் பார்த்தால் சாச்சக் விட்டது மொத்தம் 5 கோல். நான்கு ஆட்டங்களில் ஒன்றுகூட விடவில்லை. அந்த நான்குமே டெட்ராய்டின் சொந்த மைதானமான ஒலிம்பியாவில் நடந்தவை. அதாவது, அந்த பிளே ஆஃப் முழுக்க உள்ளூர் ரசிகர்கள் தங்கள் வலைக்குள் பக் போனதைப் பார்க்கவே இல்லை.

கோல்கீப்பர்களை அளக்க அன்று இருந்த முக்கியமான அளவுகோல், 60 நிமிட ஆட்டத்துக்கு சராசரியாக எத்தனை கோல் விட்டார் என்பது. சாச்சக்குக்கு 480 நிமிடத்தில் 5 கோல். சராசரி 0.63. ஒரு முழு பிளே ஆஃபையும் ஆடி முடித்த ஒருவருக்கு இது நம்பவே முடியாத எண்.

அந்தக் கோப்பைக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. இறுதி ஆட்டத்தன்று மீன் கடை வைத்திருந்த இரண்டு சகோதரர்கள் ஒரு ஆக்டோபஸை ஐஸ் மீது வீசினார்கள். 8 கால், 8 வெற்றி. அவ்வளவுதான் கணக்கு.

ஆனால் அந்த 0.63 யாருடையது?

இங்கேதான் விவாதமே. 1951-52 லீக் சுற்றில் டெட்ராய்ட் எடுத்த புள்ளிகள் 100. இரண்டாம் இடம் வந்த மான்ட்ரியாலுக்கு 78. டெட்ராய்டில் கோர்டி ஹோவ், டெட் லிண்ட்சே, ரெட் கெல்லி என்று ஒரு பட்டாளமே இருந்தது. மான்ட்ரியால் அரையிறுதியில் 7 ஆட்டம் ஆடிக் களைத்து வந்த அணி. அதன் நட்சத்திரம் மாரிஸ் ரிச்சர்ட் அந்த அரையிறுதியில் தலையில் அடிபட்டு விழுந்து, ரத்தக்கட்டோடு திரும்பி வந்து கோல் போட்டவர். இறுதித் தொடரில் அவரால் ஒரு கோல்கூட அடிக்க முடியவில்லை. அதில் சாச்சக்கின் பங்கு எவ்வளவு, ரிச்சர்டின் தலைக்காயத்தின் பங்கு எவ்வளவு என்று சராசரி பிரித்துச் சொல்லாது.

விருதிலும் இதே குழப்பம்தான். கோல்கீப்பர்களுக்கான வெசினா கோப்பை அந்தக் காலத்தில் ஓட்டுப் போட்டுத் தரப்பட்டது இல்லை. லீக் சுற்றில் குறைந்த கோல் விட்ட அணி எதுவோ, அதன் கோல்கீப்பருக்குப் போகும். சாச்சக் அதை 4 முறை வாங்கினார். அவர் திறமைசாலி என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அணியின் எண்ணை ஒரு ஆளின் பெயரில் எழுதுகிற பழக்கம் அன்று இருந்தது. எத்தனை ஷாட் வந்தது, அதில் எத்தனை சதவீதம் தடுத்தார் என்ற கணக்கை லீக் அதிகாரபூர்வமாக வெளியிட ஆரம்பித்ததே 1980-களில்தான்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் சாச்சக்கிடமே இருக்கிறது. 1951 அரையிறுதி. முதல் ஆட்டம் கூடுதல் நேரத்தில் மட்டுமே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. இரண்டாவது ஆட்டம் 100 நிமிடத்தைத் தாண்டியும் 0-0. இரண்டையுமே முடித்து வைத்தது ரிச்சர்டின் கோல். டெட்ராய்ட் தொடரை 2-4 என இழந்தது. சாச்சக்கின் சராசரி 1.68, யாரும் குறை சொல்ல முடியாத எண். ஆனால் அந்தத் தொடர் என்றாலே பேசப்படுவது ரிச்சர்ட் மட்டும்தான். 100 நிமிடம் கோல் விடாமல் நின்றவரின் பெயருக்கு நேராகப் பதிவானது ஒரு தோல்வி.

கோப்பை வென்றும் வெளியேற்றம்

ரெட் விங்ஸ் நிர்வாகி ஜாக் ஆடம்ஸ் 1951-இல் எடையைக் குறைக்கச் சொன்னார். சாச்சக் குறைத்தார். ரொம்பவே குறைத்தார். அதன்பிறகு பழைய எடைக்கு அவரால் திரும்ப முடியவில்லை. கலகலப்பாக இருந்த பையன் எரிச்சலும் மௌனமுமாக மாறியது அப்போதிலிருந்துதான் என்று கூட ஆடியவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

முதல் 5 முழு சீசன்களிலும் அவரது சராசரி 2-க்குக் கீழே. 1954, 1955 என மேலும் இரண்டு கோப்பைகள். 1955 கோப்பை வென்ற சில வாரங்களிலேயே ஆடம்ஸ் அவரை பாஸ்டனுக்குக் கொடுத்துவிட்டார். கிளென் ஹால் என்ற இளம் கோல்கீப்பர் தயாராக இருந்தார், காரணம் அதுதான். வெறும் கணக்காகப் பார்த்தால் புத்திசாலித்தனமான முடிவு, ஹாலும் பின்னாளில் மாபெரும் கோல்கீப்பர் ஆனார். ஆனால் அதற்குப் பிறகு டெட்ராய்ட் அடுத்த கோப்பையைத் தூக்கியது 1997-இல்!

பாஸ்டனில் வைரஸ் காய்ச்சல் வந்து உடம்பு ஒடிந்தது. குணமாவதற்கு முன்பே களத்துக்கு வந்தார். தாக்குப்பிடிக்க முடியாமல் 1957 ஜனவரியில் பாதி சீசனில் விலகினார். உள்ளூர் பத்திரிகைகள் அவரைப் பாதியில் ஓடிப்போனவராகச் சித்தரித்தன. கண்ணில் தையலோடும் மடங்காத கையோடும் ஆடியவருக்கு வந்த பெயர் இது.

பிறகு டெட்ராய்ட் அவரைத் திரும்ப வாங்கியது. 1961, 1963, 1964 என மூன்று முறை இறுதித் தொடர் வரை போயும் கோப்பை இல்லை. பழைய பட்டாளம் கலைந்துவிட்டிருந்தது. அவரது பிளே ஆஃப் கணக்கை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் விஷயம் புரியும். 1955 வரை 28 வெற்றி, 15 தோல்வி. அதற்குப் பிறகு 26 வெற்றி, 33 தோல்வி. மொத்தம் 54-48. இந்த ஒற்றை வரியை மட்டும் படிப்பவர், இவர் பெரிய ஆட்டங்களில் சுமார்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். நிறைய பேர் சொல்லியும் இருக்கிறார்கள்.

1967: கணக்கில் சுமார், நினைவில் சிகரம்

1964-இல் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. அங்கே இன்னொரு மூத்த கோல்கீப்பர் ஜானி பவர். 1967 பிளே ஆஃபில் பவருக்கு 42 வயது, சாச்சக்குக்கு 37. அணியே வயதானது. லீக் சுற்றில் மூன்றாம் இடம். அரையிறுதியில் மோத வேண்டியது 94 புள்ளிகளோடு முதலிடம் பிடித்த சிகாகோவுடன்.

தொடர் 2-2. ஐந்தாவது ஆட்டம் சிகாகோவில். முதல் பகுதி முடிந்தபோது ஸ்கோர் 2-2, பவர் தடுமாறிக்கொண்டிருந்தார். சாச்சக் உள்ளே அனுப்பப்பட்டார். சில நிமிடங்களிலேயே அந்தக் காலத்தின் மிக வேகமான ஷாட் அடிப்பவர் என்று பேரெடுத்த பாபி ஹல் அடித்த பக் நேராக அவர் தோளில் பட்டது. அப்படியே சரிந்து விழுந்தார். எழுந்து, மீதி ஆட்டத்தில் ஒரு கோல்கூட விடவில்லை. தடுத்த ஷாட் 37. டொராண்டோ 4-2.

இறுதித் தொடரில் எதிரே மான்ட்ரியால். முதல் ஆட்டம் சாச்சக்குடையது, 2-6 என மோசமான தோல்வி. அடுத்த இரண்டையும் பவர் வென்று கொடுத்தார். நான்காவது ஆட்டத்துக்கு முன் பயிற்சியில் பவருக்குக் காயம். மறுபடி சாச்சக், மறுபடி 2-6. வயசாகிவிட்டது, முடிந்தது கதை என்ற பேச்சு கிளம்பியது. ஐந்தாவது ஆட்டம் மான்ட்ரியாலின் சொந்த மைதானத்தில். 4-1 என டொராண்டோ வென்றது. 1967 மே 2 அன்று ஆறாவது ஆட்டம். சாச்சக் தடுத்தது 40 ஷாட். 3-1, கோப்பை.

இப்போது எண்ணைப் பாருங்கள். அந்த பிளே ஆஃபில் அவரது சராசரி 2.65. 1952-இன் 0.63-ஐவிட நான்கு மடங்குக்கும் மேல் மோசம். ஆனால் டொராண்டோவில் யாரைக் கேட்டாலும் சாச்சக் என்றால் 1967-தான். அந்த அணி அதற்குப் பிறகு இன்றுவரை கோப்பை வெல்லவில்லை என்பது பெரிய காரணம். அடுத்த கோப்பை வந்திருந்தால் இந்த நினைவு கொஞ்சம் மங்கியிருக்கும். 1952-இல் தொலைக்காட்சி கனடாவில் இன்னும் வரவே இல்லை, 1967-ஐ வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள் என்பதும் சேர்த்துக்கொள்ள வேண்டியது.

நினைவுக்கும் ஓட்டை உண்டு. அந்த இரண்டு 2-6 தோல்விகளை அது வசதியாக மறந்துவிடுகிறது. பவர் வென்ற இரண்டு ஆட்டங்கள் இல்லாமல் கோப்பை ஏது? அந்த பிளே ஆஃபின் மிக மதிப்புமிக்க வீரர் விருதும் சாச்சக்குக்குப் போகவில்லை, டேவ் கியோனுக்குப் போனது. அதேசமயம், 2.65 என்ற சராசரிக்குள் இரண்டு மோசமான இரவுகளும், எல்லாமே பணயத்தில் இருந்தபோது வந்த மூன்று அபாரமான இரவுகளும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. சராசரி எடுத்தால் இரண்டுமே காணாமல் போய்விடும்.

கடைசி ஆண்டுகள்

லீக் 12 அணிகளாக விரிந்தபோது லாஸ் ஏஞ்சல்ஸ் அவரை எடுத்தது. பிறகு ஒரு சீசன் டெட்ராய்ட், கடைசியாக நியூயார்க் ரேஞ்சர்ஸ். உடம்பு முழுக்கக் காயம், முகத்தில் மட்டும் சுமார் 400 தையல். 1962 வரை முகமூடி இல்லாமல்தான் ஆடினார். 1966-இல் லைஃப் இதழ், ஒப்பனைக் கலைஞரை வைத்து அந்தத் தையல்களை எல்லாம் அவர் முகத்தில் வரைந்து படம் எடுத்து வெளியிட்டது. இன்றைய தலைமுறைக்குத் தெரிந்த சாச்சக் பெரும்பாலும் அந்தப் படம்தான். குடிப்பழக்கமும் மன அழுத்தமும் குடும்பத்தைச் சிதைத்தன. 7 குழந்தைகள். 1969-இல் விவாகரத்து.

1970 பிப்ரவரி 1 அன்று பிட்ஸ்பர்க்குக்கு எதிராக 6-0. லீக் சுற்றில் கோல் விடாமல் முடித்த 103-வது ஆட்டம். அதுதான் கடைசி. சீசன் முடிந்த பிறகு, ஏப்ரல் இறுதியில் சக வீரர் ஒருவருடன் ஏற்பட்ட வாக்குவாதம் கைகலப்பாகி, உள்காயம் பட்டு மருத்துவமனையில் சேர்ந்தார். மே 31 அன்று 40 வயதில் இறந்தார். விசாரணையில் அது விபத்து என்று முடிவானது.

வழக்கமான காத்திருப்புக் காலத்தைத் தள்ளுபடி செய்து 1971-இல் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். அவரது 447 வெற்றி என்ற சாதனையை 2000-இல் பேட்ரிக் ராய் முறியடித்தார். ஆனால் சாச்சக் காலத்தில் லீக் சுற்றில் கூடுதல் நேரமே கிடையாது, அதனால் 172 ஆட்டங்கள் டிராவில் முடிந்தன. அவற்றில் எத்தனை வெற்றியாக மாறியிருக்கும் என்று யார் சொல்வது? 103 என்ற சாதனை 2009 வரை நின்றது. அதை உடைத்தவர் மார்ட்டின் பிராடர்.

ஒலிம்பியா மைதானத்தை 1987-இல் இடித்துவிட்டார்கள். சாச்சக்கின் 1-ஆம் எண் சட்டைக்கு டெட்ராய்ட் 1994-இல் ஓய்வு கொடுத்தது. பிளே ஆஃப் வந்தால் டெட்ராய்ட் ரசிகர்கள் இன்றும் ஐஸ் மீது ஆக்டோபஸ் வீசுகிறார்கள். கோப்பைக்கு இப்போது தேவைப்படுவது 16 வெற்றி.