இசைமேதை வீட்டுச் சனிக்கிழமை விருந்து



உங்கள் வீட்டில் அம்மாவோ பாட்டியோ சமைக்கும்போது ஏதாவது ஒரு பாட்டை முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறீர்களா? குழம்பு கொதிக்கும் சத்தம், கடுகு வெடிக்கும் சத்தம், அதோடு ஒரு பழைய பாட்டு. அன்றைக்குச் சாப்பாட்டில் ஒரு தனி ருசி இருக்கும். சமையலும் பாட்டும் அவ்வளவு நெருங்கிய சொந்தக்காரர்கள்!

இந்த இரண்டையும் ஒன்றுபோல நேசித்த ஒருவரின் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். ஐரோப்பாவே கொண்டாடிய இசைமேதை அவர். புகழின் உச்சியில் இருந்தபோது இசை நாடகம் எழுதுவதை நிறுத்திவிட்டார். பிறகு நோயில் விழுந்தார். பல ஆண்டுகள் கழித்து, தம் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் அருகில்தான் அவருடைய இசை மறுபடியும் உயிர் பெற்றது. அவர் பெயர் ஜோவாக்கினோ ரோசினி.

ரொட்டியும் எக்காளமும்

இத்தாலி நாட்டில் கடற்கரையோரம் பெசரோ என்ற சிறிய ஊர் இருக்கிறது. அங்கே 1792-ம் ஆண்டு பிப்ரவரி 29-ந் தேதி ரோசினி பிறந்தார். தேதியைக் கவனித்தீர்களா? லீப் ஆண்டில் மட்டுமே வரும் தேதி! அவர் 76 வயது வரை வாழ்ந்தார். அப்படியானால் அவருக்கு எத்தனை முறை உண்மையான பிறந்த நாள் வந்திருக்கும்? ஒரு துப்பு தருகிறேன்: 1800-ம் ஆண்டு லீப் ஆண்டு அல்ல. கணக்குப் போட்டு வையுங்கள். விடையைக் கடைசியில் பார்ப்போம்.

ரோசினியின் அப்பா கியூசெப்பே, ஊருக்கு எக்காளம் ஊதுபவர். கொம்பு வாத்தியமும் வாசிப்பார். அதோடு இறைச்சிக் கூடங்களைச் சோதிக்கும் வேலையும் பார்த்தார். அம்மா அன்னா, ரொட்டி சுடுபவர் ஒருவரின் மகள். இசையை முறையாகப் படித்ததில்லை. ஆனால் இனிய குரல். காதால் கேட்டே பாட்டைப் பிடித்துக்கொண்டு மேடையில் பாடினார். ஒரு பக்கம் சாப்பாட்டுத் தொழில், இன்னொரு பக்கம் சங்கீதம். அந்தப் பிள்ளைக்கு இரண்டும் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை!

சிறுவன் ரோசினி சேட்டைக்காரன். அடங்காத பிள்ளையைத் திருத்துவதற்காக, ஒரு கொல்லர் பட்டறையில் துருத்தி ஊதுகிற வேலைக்கு அனுப்பினார்களாம். அந்தத் துருத்தியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மறுபடியும் வரும்.

பிறகு குடும்பம் பொலோனா நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. 14 வயதில் அங்கிருந்த இசைப் பள்ளியில் ரோசினி சேர்ந்தார். அம்மாவுக்குத் தொண்டையில் கோளாறு வந்து, மேடையில் பாடுவது நின்றுபோனது. குடும்பத்துக்காகச் சம்பாதிக்கும் பொறுப்பு சிறுவயதிலேயே அவர் தோளில் ஏறியது.

அரிசி வேகும் நேரத்தில் ஒரு பாட்டு

வசனம் பேசுவதற்குப் பதிலாகக் கதை முழுவதையும் பாட்டாகவே நடிக்கும் நாடகத்துக்கு ‘ஓபரா’ என்று பெயர். நம் ஊர் தெருக்கூத்திலும் பாட்டு உண்டல்லவா? ஓபராவில் அதோடு பெரிய வாத்தியக் குழுவும் இருக்கும். 1810-ம் ஆண்டு, 18 வயதில், ரோசினியின் ஓபரா ஒன்று முதல்முதலாக வெனிஸ் நகரத்தில் மேடையேறியது.

1813-ல் அவர் எழுதிய ‘டான்கிரேடி’ என்ற ஓபராவில் ஒரு பாட்டு வெனிஸ் தெருவெல்லாம் பரவியது. படகோட்டிகளும் அதை முணுமுணுத்தார்கள். அந்தப் பாட்டுக்கு ஒரு செல்லப் பெயர் உண்டு: ‘அரிசிப் பாட்டு’! சாப்பாட்டுக்கு அரிசி வெந்துகொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ரோசினி அதை எழுதி முடித்துவிட்டார் என்று கதை பரவியதால் வந்த பெயர் அது. உண்மையோ இல்லையோ, ரோசினி என்றதும் மக்கள் மனதில் பாட்டும் சாப்பாடும் சேர்ந்தே வந்தன.

1816-ல் ரோம் நகரத்தில் ‘செவில் நகரத்து நாவிதர்’ என்ற ஓபராவை அரங்கேற்றினார். இதைச் சில வாரங்களிலேயே எழுதி முடித்திருந்தார். முதல் நாள் என்ன ஆயிற்று தெரியுமா? கூட்டம் சிரித்தது, கூச்சலிட்டது. போதாக்குறைக்கு ஒரு பூனை வேறு மேடைக்கு வந்துவிட்டதாம்! மறுநாள் அதே நாடகத்துக்குப் பெரும் கைதட்டல். இன்றும் உலகம் முழுவதும் நடிக்கப்படும் ஓபராக்களில் அதுவும் ஒன்று.

வெற்றியோ தோல்வியோ, ரோசினி முதலில் கடிதம் எழுதுவது அம்மாவுக்குத்தான். இத்தாலிய மொழியில் குடுவைக்கும் தோல்விக்கும் ஒரே சொல். அதனால் நாடகம் தோற்றால் கடிதத்தில் ஒரு குடுவைப் படம் வரைந்து அனுப்புவாராம். படத்தைப் பார்த்ததுமே அம்மாவுக்குப் புரிந்துவிடும்!

அடுத்த ஆண்டு, 1817-ல், உங்களுக்கெல்லாம் தெரிந்த சிண்ட்ரெல்லா கதையை ஓபராவாக எழுதினார். அது தொடங்கும்போது சிண்ட்ரெல்லா என்ன செய்துகொண்டிருக்கிறாள் தெரியுமா? அடுப்பைத் துருத்தியால் ஊதி, காப்பி கொதிக்க வைத்துக்கொண்டே தனக்குப் பிடித்த ஒரு பழைய பாட்டைப் பாடுகிறாள். அக்காமார் அதட்டினாலும் அவள் பாட்டு நிற்பதில்லை. கொல்லர் பட்டறைத் துருத்தி சமையலறைக்கு வந்துவிட்டது, பார்த்தீர்களா?

பாட்டு நின்றது

1827-ம் ஆண்டு ரோசினி பாரிஸ் நகரத்தில் வேலையாக இருந்தார். பொலோனாவில் அம்மா நோயுற்றார். மகன் திடீரென்று வந்து நின்றால் அந்த அதிர்ச்சியே அம்மாவுக்குக் கெடுதல் என்று மருத்துவர் தடுத்துவிட்டார். அம்மா இறந்தபோது மகன் அருகில் இல்லை. அடுத்த மாதம் அவருடைய ஓபரா ஒன்று பாரிசில் அரங்கேறி, மக்கள் ஆரவாரம் செய்தார்கள். ஆனால் அந்த வெற்றியைக் கடிதத்தில் எழுதி அனுப்ப அம்மா இல்லை.

1829-ல் ‘வில்லியம் டெல்’ என்ற ஓபராவை முடித்தார். மகனின் தலைமேல் வைத்த ஆப்பிளை அம்பால் அடித்த வீரனின் கதை அது. அதோடு நிறுத்திவிட்டார்! அப்போது அவருக்கு வயது 37. பத்தொன்பது ஆண்டுகளில் 39 ஓபராக்கள் எழுதியவர், அதற்குப் பிறகு வாழ்ந்த 39 ஆண்டுகளில் ஓர் ஓபராகூட எழுதவில்லை.

ஏன்? ஓயாத உழைப்பால் வந்த களைப்பு ஒரு காரணம். உடல்நலம் கெட்டது இன்னொரு காரணம். பிரான்சில் 1830-ல் ஆட்சி மாறியதும் அவருடைய ஒப்பந்தமும் குலைந்தது. அறிஞர்கள் இன்றும் இதைப் பற்றி விவாதிக்கிறார்கள்.

1839-ல் அப்பாவும் இறந்தார். ரோசினியின் நோய் முற்றியது. தூக்கம் போனது. மனச்சோர்வு வாட்டியது. உலகத்தையே சிரிக்க வைத்தவர், சிரிப்பை மறந்து படுக்கையில் கிடந்தார். அந்த நாட்களில் அவரைக் குழந்தையைப்போலக் கவனித்துக்கொண்டவர் ஒலிம்ப் என்ற பெண்மணி. 1846-ல் இருவரும் மணம் செய்துகொண்டார்கள்.

நல்ல வைத்தியம் தேடி 1855-ல் கணவனும் மனைவியும் பாரிசுக்குப் புறப்பட்டார்கள். ரயிலில் போயிருந்தால் சீக்கிரம் போயிருக்கலாம். ஆனால் 1836-ல் ஒரே ஒரு முறை ரயிலில் ஏறி, பயந்து நோயில் விழுந்தவர் ரோசினி. அதன்பின் ரயில் பக்கமே போகவில்லை! குதிரை வண்டியில் ஏறத்தாழ ஒரு மாதம் பயணம் செய்து போய்ச் சேர்ந்தார்கள்.

மனைவிக்கு ஒரு பரிசு

பாரிசில் மெல்ல மெல்ல உடம்பு தேறியது. 1857-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி ஒலிம்ப்பின் பெயர் நாள். ஒருவர் எந்தப் புனிதரின் பெயரைத் தாங்கியிருக்கிறாரோ, அந்தப் புனிதருக்குரிய நாளைக் கொண்டாடுவது அவர்கள் வழக்கம். அன்று ரோசினி மனைவியின் கையில் ஒரு பரிசைக் கொடுத்தார். நகை இல்லை, பட்டு இல்லை. அவரே புதிதாக எழுதிய பாட்டுகள்! நீண்ட நோயில் தன்னை அன்போடும் அறிவோடும் காப்பாற்றியதற்கு நன்றி என்று அதில் குறித்திருந்தார்.

அந்தப் பரிசில் ஒரு வேடிக்கையும் இருந்தது. ஒரே ஒரு சிறு கவிதையை எடுத்துக்கொண்டு, அதற்கு ஆறு விதமாக மெட்டு அமைத்திருந்தார். ஒரே கத்தரிக்காயைக் குழம்பாக, பொரியலாக, கொத்சாக என்று ஆறு விதமாகச் சமைத்து வைத்ததுபோல! நின்றுபோன ஊற்று மறுபடியும் சுரக்கத் தொடங்கியது. இந்த முறை அரங்கத்துக்காக இல்லை, வீட்டுக்காக.

சனிக்கிழமை மாலை

1858-ம் ஆண்டு டிசம்பரில் ரோசினி வீட்டில் சனிக்கிழமை விருந்துகள் தொடங்கின. முதலில் நெருங்கிய நண்பர்கள் சிலருக்குச் சாப்பாடு. பிறகு இன்னும் பலர் வந்து சேர, இசைக் கச்சேரி. வெர்டி, லிஸ்ட் போன்ற பெரிய இசைமேதைகளும் அந்த வீட்டு விருந்தாளிகள்.

சாப்பாட்டு விஷயத்தில் ரோசினி கண்டிப்பானவர். குழல் வடிவமான மக்ரோனி அவருக்கு உயிர். வெள்ளியால் செய்த ஊசிக்குழலால் ஒவ்வொரு மக்ரோனிக்குள்ளும் மசாலா விழுதை ஏற்றுவாராம்! ஒருமுறை கடையில் நேப்பிள்ஸ் நகரத்து மக்ரோனி கேட்டார். கடைக்காரர் வேறு ஊர்ச் சரக்கைக் காட்டியதும், ஒரே பார்வையில் கண்டுபிடித்து வேண்டாமென்று போய்விட்டார். போனவர் யாரென்று கடைக்காரருக்கு ஒருவர் சொன்னார். எனக்கு அவரைத் தெரியாது, ஆனால் மக்ரோனியைப்போல இசையும் தெரிந்திருந்தால் நன்றாகத்தான் எழுதுவார் என்றாராம் அந்தக் கடைக்காரர்!

ஒலிம்ப் அம்மையாரோ சிக்கனக்காரர். விருந்து மேசையில் அழகான பழக்கூடை இருக்கும். ஆனால் பழம் பரிமாறும் நேரம் வந்ததும் அவருக்கு ஏதாவது உடம்பு சரியில்லாமல் போகும், எல்லோரும் எழுந்துவிடுவார்கள். அந்தப் பழங்கள் வாடகைக்கு வந்தவை என்று ஒரு வேடிக்கைக் கதை உண்டு!

இந்த மாலைகளில் வாசிப்பதற்காகவே ரோசினி நிறையச் சிறு இசைத் துண்டுகளை எழுதினார். 150-க்கும் மேல்! ‘முதுமைக் காலப் பாவங்கள்’ என்று தாமே கேலியாகப் பெயர் வைத்தார். அவற்றில் சிலவற்றின் பெயர்களைக் கேளுங்கள்: முள்ளங்கி, நெத்திலி, வெள்ளரிப் பிஞ்சு ஊறுகாய், வெண்ணெய். சாப்பாட்டுக்கு முன் வைக்கும் நான்கு பதார்த்தங்கள்! உலர்ந்த அத்திப்பழம், பாதாம், உலர்திராட்சை, ஹேசல் கொட்டை என்று இன்னும் நான்கு. இதில் திராட்சை அவர் வளர்த்த கிளிக்கு, ஹேசல் கொட்டை வீட்டு நாய்க்குட்டி நினிக்கு! விளக்கெண்ணெய் என்று ஒரு நடனத் துண்டுகூட உண்டு. மனைவிக்கு அன்பாக ஒன்று, தம்மைப் பயமுறுத்திய ரயிலைக் கிண்டல் செய்து ஒன்று என்று எழுதிக்கொண்டே போனார்.

இவற்றை அச்சிட்டு விற்கச் சொல்லிப் பலர் கேட்டார்கள். ரோசினி சம்மதிக்கவில்லை. வீட்டில் வைத்த குழம்பு போல, இது வீட்டுக்கு வருகிறவர்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டார்.

1868-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி, பாரிசில் பாசி என்ற பகுதியில் ரோசினி காலமானார். தம் சொத்தைப் பிறந்த ஊரான பெசரோவுக்கு எழுதி வைத்திருந்தார். அதைக்கொண்டு 1882-ல் அங்கே தொடங்கிய இசைப் பள்ளி இன்றும் அவர் பெயரில் நடக்கிறது. வயதான பாடகர்களுக்கு ஓர் இல்லம் அமைக்கவும் அவர் பணம் ஒதுக்கினார். மேடையை இழந்த அம்மாவின் மகன் அல்லவா? அவருக்குத் தெரியாதா அந்த வருத்தம்!

குழந்தைகளே, அரங்கமும் கைதட்டலும் ரோசினிக்குப் புகழைத் தந்தன. ஆனால் அவர் சோர்ந்து விழுந்தபோது கைகொடுத்தது மனைவியின் அன்பு. அந்த அன்புக்குப் பதிலாகத்தான் இசை திரும்பி வந்தது. நன்றியைச் சொல்ல அவருக்குத் தெரிந்த மொழி அதுதான்.

வருகிற விடுமுறை நாளில் நீங்களும் ஒன்று செய்து பாருங்கள். உங்கள் தாத்தாவிடமோ பாட்டியிடமோ போய், அவர்களுக்கு மிகவும் பிடித்த பாட்டு எது, அந்தக் காலத்தில் அவர்கள் வீட்டில் என்ன பலகாரம் செய்வார்கள் என்று கேளுங்கள். அம்மா, அப்பாவோடு சேர்ந்து அதைச் சமையுங்கள். காய் கழுவுவது, பட்டாணி உரிப்பது, இலை போடுவது உங்கள் வேலை. அடுப்புப் பக்கம் மட்டும் பெரியவர்கள் இருக்கட்டும். எல்லோரும் சாப்பிட உட்காரும்போது அந்தப் பாட்டை நீங்களே பாடுங்கள். சுருதி கொஞ்சம் தப்பினாலும் பரவாயில்லை. தாத்தா பாட்டியின் முகத்தைப் பாருங்கள், அது போதும்.

கணக்குக்கு விடை: ரோசினிக்கு 18 முறைதான் உண்மையான பிறந்த நாள் வந்தது. முதலாவது 1796-ல். அடுத்தது எட்டு ஆண்டுகள் கழித்து 1804-ல். கடைசி பிறந்த நாள் 1868-ல், அவர் இறந்த அதே ஆண்டில். சரியாகப் போட்டவர்களுக்கு என் பாராட்டுகள்!