துன்பத்தில் தளராத பக்தி: புனிதர் தேவசகாயத்தின் வாழ்க்கை

திருவனந்தபுரத்திற்கு வடகிழக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உயர்ந்து நிற்பது பொன்முடி. அங்கிருந்து தென்திசையில் நீளும் சஹ்யாத்ரி மலைத்தொடர், அகத்திய முனிவரின் பெயர் தாங்கிய சிகரத்தைக் கடந்து, குமரி மாவட்டத்தின் கிழக்கெல்லையிலுள்ள ஆரல்வாய்மொழிக் கணவாயில் வந்து தாழ்கிறது. பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்திற்கு இம்மலைத்தொடரே இயற்கை அரண். ஆரல்வாய்மொழி அந்த அரணின் வாசல். அவ்வாசலை அடுத்துள்ள காற்றாடிமலையில் 1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் ஒரு மனிதர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை அரண்மனையில் மதிப்புடன் பணியாற்றியவர் அவர். 270 ஆண்டுகளுக்குப் பிறகு, 2022 மே 15 அன்று, ரோமாபுரியில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவரே புனிதர் தேவசகாயம். துறவியாகவோ குருவாகவோ அல்லாமல் இல்லறத்தில் வாழ்ந்த இந்தியர் ஒருவர் கத்தோலிக்கத் திருச்சபையில் இந்நிலையை அடைந்தது அதுவே முதல் முறை.

பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் 1874-ஆம் ஆண்டு வாக்கில் ஏசுநாதரைத் தியானித்து அவரது தரிசனம் பெற்றார். 1886-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில், ஆந்த்பூர் கிராமத்தில் துனியைச் சுற்றி அமர்ந்திருந்த அவரது இளம் சீடர்கள், ஏசுநாதரின் தியாகத்தை நினைந்து துறவு வாழ்வுக்குச் சங்கல்பம் செய்துகொண்டனர். ஆதலால் ஏசுநாதரின் திருவடியைப் பற்றிக்கொண்ட ஓர் அன்பரின் வரலாறு நமக்கு அந்நியமானதன்று. துன்பம் வரும்போது இறைநம்பிக்கை என்னவாகிறது என்ற கேள்வி எல்லா நெறியினருக்கும் பொதுவானது. தேவசகாயத்தின் வாழ்க்கை அக்கேள்விக்கு ஒரு விடை.

அரண்மனை ஊழியர்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் நட்டாலம் கிராமத்தில் 1712 ஏப்ரல் 23 அன்று அவர் பிறந்தார். இயற்பெயர் நீலகண்ட பிள்ளை. தந்தை வாசுதேவன் நம்பூதிரி, திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் ஆலயத்தில் பூசைப் பணி செய்தவர். தாய் தேவகி அம்மா. நீலகண்டர் சமஸ்கிருதமும் மலையாளமும் தமிழும் கற்றார். ஆயுதப் பயிற்சியும் பெற்றார். பின்னர் பத்மநாபபுரம் நீலகண்டசுவாமி ஆலயத்திலும் அரண்மனையிலும் பணியில் அமர்ந்தார். மேக்கோட்டைச் சேர்ந்த பார்கவி அம்மாளை மணந்தார். அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் மார்த்தாண்டவர்மா மகாராஜா. சிதறிக் கிடந்த சிற்றரசுகளை ஒன்றிணைத்து வலிமைமிக்க நாட்டை உருவாக்கியவர் அவர்.

கைதி சொன்ன கதை

1741 ஆகஸ்டு 10 அன்று குளச்சலில் நடந்த போரில் திருவிதாங்கூர்ப் படை டச்சுக்காரர்களை வென்றது. அங்கே பிடிபட்டவர்களுள் ஒருவர் தளபதி டி லனாய். அவரது திறமையை உணர்ந்த மகாராஜா, தம் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சியளிக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தார். உதயகிரிக் கோட்டையை அவர் வலுப்படுத்தினார். நீலகண்டருக்கு அவரது நட்பு வாய்த்தது இக்காலத்தில்தான்.

அந்நாட்களில் நீலகண்டரின் குடும்பத்தில் அடுத்தடுத்து இழப்புகள் நேர்ந்தன. கால்நடைகள் மாண்டன, பொருள் கரைந்தது. மனம் சோர்ந்திருந்த நண்பருக்கு டி லனாய், பைபிளின் பழைய ஏற்பாட்டிலுள்ள யோபுவின் கதையைக் கூறினார்.

யோபு நேர்மையாளர்; செல்வந்தர். ஒரே நாளில் ஆடுமாடுகளையும் பிள்ளைகளையும் இழந்தார். பிறகு உடல் முழுவதும் புண்ணாயிற்று. ஆறுதல் சொல்ல வந்த நண்பர்களோ, அவர் ஏதோ பாவம் செய்திருக்க வேண்டும், அதற்கான தண்டனையே இது என்று வாதிட்டனர். யோபு அதை ஏற்கவில்லை. இறைவனிடம் முறையிட்டார், கேள்வி கேட்டார், அழுதார். ஆனால் இறைவனை விட்டு விலகவில்லை. நம் அரிச்சந்திரன் சத்தியத்தைப் பற்றிக்கொண்டு சுடலைவரை சென்றது போல, யோபு இறைவனைப் பற்றிக்கொண்டு சாம்பலில் அமர்ந்திருந்தார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. யோபுவின் நண்பர்கள் கற்றவர்கள்; அவர்களது வாதங்களும் தர்க்கத்திற்கு உட்பட்டவையே. எனினும் அவற்றால் அவரது புண் ஆறவில்லை. துன்பத்தில் இருப்பவரிடம் எல்லாம் அவரவர் கர்மவினை என்று கூறிவிட்டு நகர்ந்துவிடும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. கர்மநியதி நம்மை நாமே ஆராய்ந்து திருத்திக்கொள்வதற்கானது. பிறரைத் தீர்ப்பிடுவதற்கானது அன்று. டி லனாய் தீர்ப்பு வழங்கவில்லை. அவரும் தோல்வியையும் சிறைப்பட்ட நிலையையும் அறிந்தவர். தாய்நாட்டை விட்டு வெகுதொலைவில் வாழ்ந்தவர். துன்பத்தைத் தாமே அறிந்த ஒருவர் அருகில் அமர்ந்து கூறிய கதையாதலால் அது நீலகண்டரின் நெஞ்சில் தைத்தது.

1745-ஆம் ஆண்டு மே மாதம் வடக்கன்குளத்தில், பரஞ்சோதிநாதர் என்று தமிழ் மக்களால் அழைக்கப்பட்ட ஏசுசபைத் துறவி புத்தாரியிடம் நீலகண்டர் ஞானஸ்நானம் பெற்றார். லாசரஸ் என்ற பெயரின் பொருளைத் தழுவி அவருக்குத் தேவசகாயம் என்று பெயரிடப்பட்டது. இறைவனே துணை என்பது அதன் பொருள். அவருடைய மனைவியும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ அம்மாள் ஆனார்.

மூன்று ஆண்டுச் சோதனை

1749 பிப்ரவரியில் தேவசகாயம் கைது செய்யப்பட்டார். காரணம் குறித்து வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அரண்மனைப் பூசல்களையும் அரசியலையும் சிலர் சுட்டுகின்றனர். சமயப் பற்றுறுதியே காரணம் என்பது கத்தோலிக்க மரபு; கொச்சி ஆயர் 1756-இல் ரோமாபுரிக்கு அனுப்பிய அறிக்கையிலும் அவரது மரணம் இடம்பெற்றது. மகாராஜாவை வெறும் கொடியவராகச் சித்திரிப்பதும் நியாயமாகாது. கிறிஸ்தவரான டி லனாய் இறுதிவரை அவ்வரசின் தளபதியாகவே வாழ்ந்து 1777-இல் மறைந்தார்; உதயகிரிக் கோட்டையில் அவரது கல்லறை இன்றும் இருக்கிறது. மேலும், தேவசகாயம் சிறையில் இருந்த அதே காலத்தில், 1750 ஜனவரியில், மார்த்தாண்டவர்மா தம் நாடு முழுவதையும் ஸ்ரீபத்மநாபசுவாமியின் திருவடியில் சமர்ப்பித்துத் தம்மைப் பத்மநாபதாசர் என்று அழைத்துக்கொண்டார். அரியணையில் இருந்தவரும் விலங்கில் இருந்தவரும் தம்மை இறைவனின் அடிமையாகவே கருதினர். வரலாறு சில வேளைகளில் இத்தகைய புதிர்களை நம்முன் வைக்கிறது. இறைவனுக்குத் தன்னை அளித்தவன், வேறு வழியில் அவனுக்குத் தன்னை அளித்தவனை அடையாளம் காண்பது எளிதன்று. நம் காலத்திற்கும் இது ஓர் எச்சரிக்கையே.

அந்த மூன்றாண்டுத் துன்பங்களை மக்கள் மரபு உருக்கத்துடன் நினைவில் வைத்திருக்கிறது. எருக்கம்பூ மாலை அணிவித்து, எருமையின்மீது பின்னோக்கி அமரவைத்து ஊர் ஊராக அழைத்துச் சென்றனர், உள்ளங்கால்களில் பிரம்படி, காயங்களில் மிளகாய்ப் பொடி. புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் தவித்த அவர் முழங்கையால் பாறையை இடித்தபோது நீர் சுரந்ததாகவும், பெருவிளையில் ஒரு வேப்பமரத்தில் பல மாதங்கள் கட்டிவைக்கப்பட்டிருந்ததாகவும் அம்மரபு கூறுகிறது. அம்மரத்தடிக்கு நோயாளிகளும் துயருற்றவர்களும் அவரது பிரார்த்தனையை நாடி வரத் தொடங்கினார்களாம். கட்டுண்டவர் கட்டற்றவர்களைத் தேற்றினார். டி லனாயிடம் தாம் பெற்றதை அவர் பன்மடங்காகப் பிறருக்கு வழங்கினார்.

இறுதியில் அவரை ஆரல்வாய்மொழிக்குக் கொண்டு சென்றனர். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் அவரது உயிர் பிரிந்தது. உடல் காட்டில் எறியப்பட்டது. சில நாட்களுக்குப் பின் அன்பர்கள் எச்சங்களைத் திரட்டி, கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தனர். ஞானப்பூ அம்மாள் வடக்கன்குளத்தில் வாழ்ந்து 1766-இல் மறைந்தார். கணவருக்கிருந்த புகழ் அவருக்கில்லை. கைம்மையிலும் தனிமையிலும் அவர் காத்த நம்பிக்கையும் எளிதானதன்று.

ஆர்த்தனிலிருந்து ஞானிவரை

கீதையின் 7-ஆம் அத்தியாயத்தில் பகவான் நால்வகைப் பக்தர்களைக் குறிப்பிடுகிறார். துன்பம் தீர வேண்டி வருபவன் ஆர்த்தன். அறிய விரும்பி வருபவன் ஜிஜ்ஞாசு. பொருள் வேண்டி வருபவன் அர்த்தார்த்தி. எதையும் வேண்டாமல் இறைவனையே வேண்டுபவன் ஞானி. நால்வரும் உயர்ந்தவர்களே என்று பகவான் கருணையுடன் ஏற்றுக்கொள்கிறார். ஆதலால் துன்பம் வந்தபின்தானே இறைவனை நினைத்தேன் என்று எவரும் கூச வேண்டியதில்லை.

தேவசகாயமும் ஓர் ஆர்த்தராகவே தொடங்கினார். மாடுகள் மாண்டதும் பொருள் குறைந்ததும்தான் அவரை அந்த வாசலுக்குக் கொண்டுவந்தன. ஆனால் அவ்வாசலைக் கடந்தபின் அவருக்குக் கிடைத்தது என்ன? இழந்த செல்வம் திரும்பவில்லை. இருந்த பதவியும் மரியாதையும் போயின, உயிரும் போயிற்று. யோபுவின் கதையில் இறுதியில் எல்லாம் இருமடங்காகத் திரும்புகிறது. தேவசகாயத்தின் கதையில் அதுவும் நிகழவில்லை. எனினும் அவர் பின்வாங்கவில்லை. துன்பத்தைப் போக்கும்படி வேண்டத் தொடங்கிய நெஞ்சு, துன்பத்தின் நடுவிலும் இறைவன் போதும் என்ற நிலையை அடைந்துவிட்டது. பக்தியின் முதிர்ச்சி என்பது இதுவே.

நம்மில் பலர் பிரார்த்தனை பலிக்காதபோது நம்பிக்கையைத் தளரவிடுகிறோம். நோய் குணமாகவில்லை, கடன் தீரவில்லை, பிள்ளைக்கு வேலை கிடைக்கவில்லை. அப்படியானால் இறைவன் எங்கே என்று மனம் கேட்கிறது. கேட்பதில் தவறில்லை, யோபுவும் கேட்டார். கேட்டுக்கொண்டே அவனது திருவடியைப் பற்றியிருந்தால் போதும். நாம் பற்றிய வழி எதுவாயினும், அதில் நிலைத்து நிற்கும் உறுதியே நிஷ்டை. பிறர் வழியில் அதே உறுதியைக் காணும்போது வணங்குவதும் அந்நிஷ்டையின் ஒரு பகுதியே.

துன்பம் நீங்காத போதும் தன்னை விட்டு நீங்காத பக்தியை இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!